பழைய எண், புதிய எண்: விண்டோஸை எஸ்எஸ்டிக்குக் குடிமாற்றுதல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா மனு, வாடகை ஒப்பந்தம், பத்திரிகை புரூஃப், பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் நடக்கும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக அதை ஆன் செய்வார். வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, எதிர்க்கடையில் ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் திரை முழுசாக வந்திருக்கும். "தம்பி, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?" என்று ஒருநாள் கேட்டார். "வேணாம்ண்ணே, டிஸ்க்கை மட்டும் மாத்தினா போதும்" என்றேன்.

உடனே அடுத்த கேள்வி வந்தது. "புது டிஸ்க் வாங்கி, சி டிரைவ்ல இருக்கிறதை அப்படியே காப்பி பண்ணிப் போட்டுட்டா ஓடும்ல?"

ஓடாது. ஏன் ஓடாது என்பது பிடிபட்டுவிட்டால், மற்ற வேலைகளில் எதை எதற்காகச் செய்கிறோம் என்பதும் பிடிபட்டுவிடும். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

முதலில் டிஸ்க் ஏன் மந்தம் என்று பார்த்துவிடுவோம். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதன் மேல் கிராமபோன் முள் போல ஒரு கை ஆடும். டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று. லேப்டாப்பில் பெரும்பாலும் 5,400. ஒரு ஃபைல் வேண்டுமென்றால் கை அந்த இடத்துக்கு நகர வேண்டும், பிறகு தட்டு சுற்றி வந்து அந்தப் பகுதி கைக்குக் கீழே சேர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துச் சராசரியாக 12, 13 மில்லிசெகண்டு ஆகும். கேட்டால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்குப்படி நொடிக்கு 80 இடங்களுக்கு மேல் அந்தக் கையால் போய் வர முடியாது. விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை டிஸ்க் முழுக்கத் தேடி எடுக்க வேண்டும். டீ குடிக்க நேரம் கிடைப்பது இதனால்தான்.

அதற்குப் பதிலாக நாம் போடப்போகும் புது வகை டிஸ்க்தான் எஸ்எஸ்டி (சாலிட் ஸ்டேட் டிரைவ்). அதில் சுற்றுவது, ஆடுவது எதுவும் இல்லை. பென் டிரைவில் இருப்பதைப் போன்ற ஃபிளாஷ் சில்லுகள்தான். 1980களில் ஜப்பானின் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோக்கா கண்டுபிடித்த நுட்பம் அது. எந்த மூலையில் இருக்கும் தகவலானாலும் ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கைக்கு வரும். ஒரு பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்து பார்த்தால் வித்தியாசம் நான்கைந்து மடங்குதான் தெரியும்: பழையது நொடிக்கு 100 முதல் 150 எம்பி, சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் மாட்டும் எஸ்எஸ்டி 500 எம்பிக்குப் பக்கம். சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளை எடுப்பதில்தான் நூறு மடங்கு, அதற்கு மேலும் போகும். பிராசசர் அதே, ரேம் அதே. ஆனாலும் பழைய கம்ப்யூட்டர் புதுசு போல ஆகிவிடுகிறது என்று எல்லோரும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, காப்பி செய்தால் ஏன் ஓடாது?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் பதிந்திருக்கும் ஒரு சின்ன மென்பொருள்தான் முதலில் விழிக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களில் அதற்குப் பெயர் பயாஸ். இப்போது வருவது யூஇஎஃப்ஐ, ஆனாலும் பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்கிறோம். அதற்கு உங்கள் டெஸ்க்டாப் தெரியாது, சி டிரைவ் தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு முகவரிச் சீட்டு மட்டும்: இந்த டிஸ்க், அதில் இந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி), இந்த ஃபைல்.

அந்தச் சீட்டைப் பார்த்து அது போய்ச் சேரும் இடம், டிஸ்க்கின் ஆரம்பப் பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டிப் பார்ட்டிஷன். பெரும்பாலும் 100 எம்பி அளவுதான் இருக்கும். நம் கண்ணில் படாமல் விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும், சி, டி போல எழுத்து எதுவும் கொடுக்காது. இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று பெயர். அதற்குள் பூட் மேனேஜர் என்ற வாயிற்காவலரும், அவரிடம் ஒரு குறிப்பேடும் உண்டு. விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் குடியிருக்கிறது என்பது அந்தக் குறிப்பேட்டில் எழுதியிருக்கும். சி என்று எழுதியிருக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உரிய நீளமான அடையாள எண் எழுதியிருக்கும். சி என்பது விண்டோஸ் எழுந்து முகம் கழுவிய பிறகு தன் வீட்டுக்குத் தானே வைத்துக்கொள்ளும் செல்லப் பெயர்.

நம் ஊர்ப் பக்கம் வீட்டுச் சுவரில் "பழைய எண் 14, புதிய எண் 31" என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பார்கள். எழுதாமல் விட்டால் கூரியர்காரர் தெருவையே இரண்டு முறை சுற்றுவார். சி டிரைவில் இருக்கும் ஃபைல்களை மட்டும் காப்பி செய்வது, சட்டி பானை முதல் பீரோ வரை டெம்போவில் ஏற்றிப் புது வீட்டில் இறக்கிவிட்டு, வீட்டு எண்ணை யாருக்குமே சொல்லாமல் இருப்பது போல. சாமான் எல்லாம் பத்திரமாக இருக்கும், தபால் மட்டும் வராது. பயாஸ் புது டிஸ்க்கில் வாயிற்காவலரைத் தேடும். யாரும் இல்லாததால் "பூட் டிவைஸ் இல்லை" என்று கறுப்புத் திரையைக் காட்டி நின்றுவிடும். போதாததற்கு, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் முக்கியமான ஃபைல்கள் சிலவற்றைப் பூட்டி வைத்திருப்பதால் அவை காப்பியாகவே ஆகாது.

லினக்ஸிலும் இதே கதைதான். அங்கே ஃபைல்களைக் காப்பி செய்ய விடும், ஆனால் எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் இருக்கும் பார்ட்டிஷன் எண்களைத் திருத்தி, அங்கே வாயிற்காவலர் வேலை பார்க்கும் கிரப் பூட் லோடரையும் புது டிஸ்க்கில் பதிக்க வேண்டும்.

க்ளோன் என்பது எண்ணோடு சேர்த்துக் குடிமாற்றுவது

ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகலெடுப்பதைத்தான் க்ளோன் என்கிறோம். க்ளோன் செய்யும் மென்பொருள் ஃபைல்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பார்ட்டிஷன் பார்ட்டிஷனாக எடுக்கும்: அந்த 100 எம்பி குட்டி, விண்டோஸ் இருக்கும் பெரியது, கடைசியில் இருக்கும், விண்டோஸைப் பழுது பார்க்க உதவும் ரெக்கவரி பார்ட்டிஷன் என்று எல்லாவற்றையும், இருந்த வரிசையிலேயே எடுத்து வைக்கும். அடையாள எண்களையும் பெரும்பாலும் அப்படியே நகலெடுக்கும். சில மென்பொருள்கள் புது எண் கொடுத்து, குறிப்பேட்டையும் அதற்கேற்ப மாற்றி எழுதிவிடும். எப்படியானாலும் கடைசியில் வாயிற்காவலரின் குறிப்பேடும் வீட்டுச் சுவரும் ஒரே எண்ணைச் சொல்லும்.

இதனால் ஒரு சிக்கலும் உண்டு. க்ளோன் முடிந்த நிமிடத்தில் ஒரே எண்ணோடு இரண்டு வீடுகள் இருக்கின்றன. இரண்டையும் மாட்டியபடியே கம்ப்யூட்டரை ஆன் செய்தால் சில சமயம் பழைய டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் எழுந்துவிடும்; நீங்கள் "எஸ்எஸ்டி போட்டும் வேகமே இல்லையே" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள். சில சமயம் விண்டோஸ் குழம்பி இரண்டில் ஒன்றை ஆஃப்லைன் என்று ஒதுக்கி வைத்துவிடும். ஆகையால் முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நான் இதை ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை சொல்வேன். அப்படியும் பாதிப் பேர் கழற்றுவதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது: க்ளோனே வேண்டாம் என்று புது டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாகப் பதித்துவிடுவது. வீட்டில் பிரவுசரும் யூடியூபும் மட்டும் ஓடும் கம்ப்யூட்டர் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். ஐந்து வருஷக் குப்பை, வேண்டாத டூல்பார், எங்கோ ஒளிந்திருக்கும் வைரஸ் எல்லாம் க்ளோனில் பத்திரமாகக் கூடவே வந்துவிடும். புதிதாகப் பதித்தால் வெறும் வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோவது போல சுத்தமாக இருக்கும். அதே மதர்போர்டு என்றால் டிஸ்க் மாறினாலும் விண்டோஸ் லைசன்ஸ் போகாது; இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஆனால் அண்ணன் கடைக்கு அது சரிப்படாது. வானவில் எழுத்துருவில் அடித்த மனுக்கள், பாமினியில் அடித்த பத்திரிகைகள், சிடி எங்கே போனது என்றே தெரியாத ஒரு பழைய டிடிபி மென்பொருள், ஒரு மாதிரியாகச் சமாதானப்படுத்தி ஓட வைத்த பிரிண்டர் டிரைவர் என்று அந்த டிஸ்க்கில் இருப்பவை பல திரும்பக் கிடைக்காது. இப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குக் க்ளோன்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: சில மென்பொருள்கள் லைசன்ஸை டிஸ்க்கின் தொழிற்சாலை வரிசை எண்ணோடு கட்டி வைத்திருக்கும். அந்த எண்ணைக் க்ளோன் கொண்டுவராது. கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் முன்னதாகவே லைசன்ஸ் விவரங்களை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வாங்குவதற்கு முன்

டெஸ்க்டாப் என்றால் கவலையில்லை. இரண்டரை இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் மாட்டும். லேப்டாப்பில்தான் குழப்பம். சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 என்ற வகை உண்டு. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்பதால் 2280 என்று அட்டையில் போட்டிருக்கும். அதிலேயே இரண்டு ஜாதி: ஒன்று சாட்டா, இன்னொன்று அதைவிட வேகமான என்விஎம்இ. பார்க்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று மாட்டினாலும் வேலை செய்யாமல் போகலாம். லேப்டாப் மாடல் எண்ணைக் கொண்டு என்ன வகை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய மதர்போர்டுகள் பலவற்றுக்கு என்விஎம்இ டிஸ்க்கிலிருந்து பூட் செய்யவே தெரியாது. செகண்ட் ஹேண்ட் எஸ்எஸ்டி மட்டும் வேண்டாம். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எத்தனையோ நல்ல பொருள் நான் வாங்கியிருக்கிறேன், ஆனால் எழுத எழுதத் தேயும் பொருளை எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாமல் வாங்கக் கூடாது.

அடுத்து அளவு. அண்ணனிடம் இருந்தது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். புதுச்சேரி போன வழியில் 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வந்தார். "கிட்டத்தட்ட அதே அளவுதானே" என்றார். க்ளோனில் கிட்டத்தட்ட என்பது இல்லை. தயாரிப்பாளர்கள் 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்குப் போடுவார்கள். விண்டோஸோ 1,024ஐ மூன்று தடவை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை 1 ஜிபி என்கிறது. அதனால் 500 ஜிபி டிஸ்க் திரையில் 465 என்று காட்டும், 480 ஜிபி டிஸ்க் 447 என்று காட்டும். உள்ளே இருந்த சாமான் என்னவோ 140 ஜிபிதான். ஆனால் வீடு சின்னது.

தைவானில் உருவான, இலவசமாகக் கிடைக்கும் க்ளோன்ஜில்லா இந்த மாதிரிச் சமயத்தில் சாதாரண முறையில் ஒப்புக்கொள்ளாது; புது டிஸ்க் பழையதன் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். எஸ்எஸ்டி நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளருக்குத் தரும் இலவசக் க்ளோன் மென்பொருள்கள் இந்த விஷயத்தில் சமர்த்து. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை செய்யும், பெரிய பார்ட்டிஷனைத் தானே சுருக்கியும் வைக்கும். முதல் தடவை செய்பவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். க்ளோன்ஜில்லாதான் வேண்டும் என்றால், விண்டோஸை முழுமையாக மூடிவிட்டுத் தொடங்குங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருந்தால் சாதாரண ஷட்டவுன் பாதித் தூக்கம்தான். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் முழுசாக மூடும்.

வேலை நடக்கும் நாள்

முதலில் பழைய டிஸ்க்கின் உடம்பைப் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நீல நிறம் காட்டினால் நலம். மஞ்சள் காட்டினால் டிஸ்க்கில் பழுதான பகுதிகள் சேர ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். அப்போது க்ளோனை ஒத்திப்போட்டுவிட்டு முக்கியமான ஃபைல்களை உடனே வேறிடத்துக்கு எடுங்கள். நீலமாக இருந்தாலும் முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டுத்தான் திருகாணியில் கை வைக்க வேண்டும்.

லேப்டாப்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11 வரும் லேப்டாப் பலவற்றில் டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. டிஸ்க் மாறியதும் 48 இலக்கச் சாவி எண் கேட்டு நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமித்திருக்கும். முன்கூட்டியே எடுத்து எழுதி வைத்துக்கொண்டு, பூட்டை நிறுத்திவிட்டுக் க்ளோன் செய்யுங்கள்.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்தடை அறிவித்த நாளில் டெஸ்க்டாப்பில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். 2011 தானே புயலுக்குப் பிறகு பல நாள் இருட்டில் இருந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாதியில் நின்றால் பழைய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது, புதியதில் மட்டும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். யூபிஎஸ் இருந்தால் நிம்மதி. இன்னொன்று, தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கம் கடல்காற்றில் கிடந்த கம்ப்யூட்டர்களில் திருகாணி துருப்பிடித்திருக்கும். பொருந்தாத ஸ்குரூ டிரைவரால் திருகித் தலையை மழுக்கிவிட்டால் அப்புறம் டிஸ்க் மாற்றுவதைவிட அந்தத் திருகாணியைக் கழற்றுவதுதான் பெரிய வேலை.

டெஸ்க்டாப்பில் மதர்போர்டிலேயே காலியாக இருக்கும் சாட்டா முனையில் புது டிஸ்க்கை மாட்டலாம். லேப்டாப்பில் இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் இல்லையென்றால், சாட்டா டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், எம்.2 என்றால் அதற்கென்று தனி டப்பா வாங்க வேண்டும். நீல நிறமுள்ள யூஎஸ்பி 3 முனையில் செருகுங்கள். பழைய யூஎஸ்பி 2 முனையில் போட்டால் நேரம் நிறையக் கூடுதலாகும்.

இனி இருப்பது ஒரே ஒரு கேள்வி: எதிலிருந்து எதற்கு. மென்பொருள் சோர்ஸ் என்று கேட்பது பழையது, டார்கெட் என்று கேட்பது புதியது. டார்கெட்டில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பழையதும் 500, புதியதும் 500 என்று இரண்டு டிஸ்க். ராத்திரி பதினோரு மணி, தூக்கக் கலக்கம். காலி டிஸ்க்கைச் சோர்ஸ் என்று கொடுத்து, வெறுமையை அழகாக நகலெடுத்துவிட்டேன். அக்கா கல்யாண போட்டோக்கள் சொந்தக்காரர் ஒருவரின் பென் டிரைவில் இருந்ததால் வீட்டுக்குள் நடமாட முடிந்தது. அதற்குப் பிறகு ஜிபியைப் பார்த்து டிஸ்க்கை அடையாளம் காண்பதே இல்லை; மாடல் பெயரையும், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் அழுத்துகிறேன். நிரம்பியிருப்பதுதான் சோர்ஸ்.

அண்ணன் கடையில் 140 ஜிபி முழுவதும் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. மூடி, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, ஆன் செய்தோம். எழவில்லை என்றால் பதறாமல் பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் புது டிஸ்க் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அந்த வரிசைதான் காரணமாக இருக்கும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறியவர்களுக்கு மட்டும் சில சமயம் நீலத் திரை வரும்; புது டிஸ்க்கோடு பேசும் டிரைவரை ஆரம்பத்திலேயே எழுப்ப விண்டோஸுக்குத் தோன்றாததால் வருவது. அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பிவிட்டால் பெரும்பாலும் அது கற்றுக்கொள்ளும்.

பெரிய டிஸ்க்குக்கு மாறியவர்கள் மிச்ச இடம் எங்கே என்று தேடுவார்கள். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கடைசியில் பயன்படாத இடமாகக் கிடக்கும். சி டிரைவை அதுவரை நீட்ட விடாமல் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். ஜிபார்ட்டட் போன்ற மென்பொருளால் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நீட்டலாம்.

சிதறிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்கும் டிஃபிராக் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சிதறிக் கிடந்தாலும் எஸ்எஸ்டிக்கு ஒன்றுமில்லை, ஓயாமல் எழுதினால்தான் தேய்மானம். ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்ற இடத்தில் "சாலிட் ஸ்டேட் டிரைவ்" என்று காட்டினால் மிச்சத்தை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, க்ளோன் செய்த விண்டோஸ் 10 வேகமான விண்டோஸ் 10தான். அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. டிஸ்க் மாற்றியதால் அந்தக் கணக்கு மாறாது.

அண்ணன் இப்போதும் ஷட்டரைத் தூக்கியதும் கம்ப்யூட்டரைத்தான் முதலில் ஆன் செய்கிறார். பூ வைத்து, டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரை வந்து, காத்திருந்து, தானாகவே அணைந்தும் போயிருக்கிறது. பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி டிராயரில் வைக்கச் சொன்னேன். ஒரு மாதம் எல்லா பிரிண்டரும், எல்லா எழுத்துருவும் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் அதை ஃபார்மட் செய்து பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். மூன்று மாதமாகிறது. முத்திரைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் இன்னும் அப்படியே கிடக்கிறது, மேலே மார்க்கரில் "பழைய எண்" என்று எழுதியிருக்கிறார்.